வேறுபடுத்துக

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இந்தச் சொல்லைப் பார்த்தவுடன் கை தானாக அடிக்கோலைத் தேடும். 'வேறுபடுத்துக: புரோகேரியோட்டிக் செல், யூகேரியோட்டிக் செல்.' ஐந்து மதிப்பெண். விடைத்தாளின் நடுவே பென்சிலால் ஒரு கோடு, மேலே இரண்டு தலைப்புகள், பிறகு எண் போட்டு இறக்க வேண்டியதுதான். நானும் இறக்கியிருக்கிறேன். முழு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அதற்குப் பிறகு பொறியியல், மென்பொருள் வேலை என்று போய்விட்டதால் அந்த அட்டவணையை மறுபடி பார்க்கும் அவசியமே வரவில்லை.

சில மாதங்களுக்கு முன் ஊருக்குப் போயிருந்தபோது அக்கா மகள் அதை என்னிடம் ஒப்பித்தாள். கூடத்தில் அப்பா டிவியை வழக்கம்போல அலறவிட்டிருந்தார். அவருக்குக் காது மந்தம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அந்தச் சத்தத்துக்கு மேலே இவள் கத்திக்கொண்டிருந்தாள். புரோகேரியோட்டில் உட்கரு இல்லை. உட்கருச் சவ்வு இல்லை. மைட்டோகாண்ட்ரியா இல்லை. கோல்கை இல்லை. செல் சட்டகம் இல்லை. அளவு சிறியது. ரைபோசோம் 70 எஸ். வலது பக்கத்தில் எல்லாம் உண்டு, அளவு பெரியது, ரைபோசோம் 80 எஸ். முடித்துவிட்டுக் கேட்டாள்: "மாமா, எல்லாமே இல்லை இல்லைன்னே வருதே. அப்ப அதுல என்னதான் இருக்கு?"

பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தது. நிரல் எழுதுகிறவனுக்கு இது பழகிய விஷயம். 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்று ஒரு நிபந்தனை எழுதுவோம். அதில் சிக்காத அனைத்தையும் 'எல்ஸ்' என்ற கூடையில் போடுவோம். அந்தக் கூடைக்குள் இருப்பவை ஒன்றுக்கொன்று உறவுள்ளவை என்று எவனும் சொல்ல மாட்டான். நிபந்தனையில் தேறவில்லை, அவ்வளவுதான் அவற்றுக்குள் இருக்கும் ஒற்றுமை. நம் பாடநூல் அட்டவணையின் இடது நிரல் அப்படியொரு கூடையா, இல்லை உண்மையான ஓர் உயிர்க்குலமா? இந்தக் கேள்வியோடுதான் டேவிட் குவாமெனின் 'தி டேங்கிள்ட் ட்ரீ' (2018) நூலை இரண்டாம் முறை எடுத்தேன். இந்தக் கட்டுரை அந்த நூலைப் பற்றியது, அதைவிட அதிகமாக அந்த அட்டவணையைப் பற்றியது. ஒரு கவிதையை, நாவலை விமர்சிப்பது போல ஓர் அட்டவணையையும் விமர்சிக்கலாம் என்றே நினைக்கிறேன். அதை வாசித்தவர்கள் எந்த நாவலின் வாசகர்களையும்விட அதிகம்.

*

முதலில் அட்டவணைக்கு நியாயம் செய்துவிட வேண்டும்.

பிரெஞ்சு உயிரியலாளர் எதுவார் ஷாத்தோன் 1925இல் இந்த இரு சொற்களையும் பயன்படுத்தினார். பெரிய விளக்கம் ஏதும் தரவில்லை. சொற்கள் பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்தன. 1962இல் ரோஜர் ஸ்டானியரும் வான் நீலும் 'பாக்டீரியா என்ற கருத்து' என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதினார்கள். பாக்டீரியா என்றால் என்ன என்று தெளிவாகச் சொல்ல முடியாமலே ஒரு துறை இத்தனை காலம் ஓடியிருக்கிறதே என்ற வெட்கம் அதில் வெளிப்படையாக இருக்கும். எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்திருந்த நேரம். அதன் வழியே பார்த்தபோது பாசி என்று பெயர் வாங்கியிருந்த நீலப்பசும்பாசியின் உள்ளமைப்பு மற்ற பாசிகளைப் போல இல்லை, பாக்டீரியாவைப் போல இருந்தது. செடி, விலங்கு என்ற பழைய எல்லையைவிட ஆழமான ஓர் எல்லை செல்லுக்குள் ஓடுகிறது என்பது கண்ணுக்கே தெரிந்தது. ஒரு காளானும் யானையும் கோட்டின் ஒரு பக்கம், நீலப்பசும்பாசி மறுபக்கம். இது சாதாரணக் கண்டுபிடிப்பு அல்ல. அந்தக் கோட்டைப் போட்டவர்கள் சோம்பேறிகள் அல்லர்.

சிக்கல் பெயரில் தொடங்குகிறது. கிரேக்கத்தில் 'கார்யோன்' என்றால் கொட்டை, பருப்பு. 'யூ' என்றால் நல்ல, செவ்வையான. 'புரோ' என்றால் முன்னால். ஆக ஒன்று செவ்வையான கரு, இன்னொன்று கருவுக்கு முந்தையது. 'முந்தையது' என்று சொன்னவுடன் பெயருக்குள் ஒரு வரலாறும் நுழைந்துவிடுகிறது: இவை பழையவை, பின்னால் வரப்போகிறவற்றுக்கு வழிவிடக் காத்திருந்தவை. இதற்கு அன்று ஆதாரம் ஏதும் கிடையாது. நுண்ணோக்கியில் கண்டது கரு இல்லாததை மட்டுமே. இணையத் தமிழில் 'நிலைக்கருவிலி' என்றொரு சொல் புழங்குகிறது. கேட்கக் கரடுமுரடாக இருந்தாலும் மூலச் சொல்லைவிட நேர்மையானது அதுதான். பெயரிலி, முகவரியிலி மாதிரி, இல்லாததை இல்லை என்று மட்டும் சொல்கிறது.

*

குவாமெனின் நூலில் நாயகன் என்று ஒருவர் உண்டென்றால் அது கார்ல் ஊஸ். இயற்பியல் பின்னணியிலிருந்து உயிரியலுக்கு வந்தவர், இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கணக்கில் விளக்குப் பலகை முன் நின்று எக்ஸ்ரே படலங்களில் கரும்புள்ளிகளை வாசித்தவர். செல்லின் வடிவத்தை அவர் நம்பவில்லை. எல்லா உயிரிலும் இருக்கிற, மிக மெதுவாக மட்டுமே மாறுகிற ஒரு மூலக்கூறைத் தேடினார். ரைபோசோமின் சிறு பகுதிக்குள் இருக்கும் ஆர்.என்.ஏ. கிடைத்தது. பாக்டீரியாவில் அதற்கு 16 எஸ் என்று பெயர். அதைக் கதிரியக்கப் பாஸ்பரஸால் அடையாளமிட்டு, துண்டுகளாக வெட்டி, எந்தத் துண்டுகள் எந்த உயிரில் இருக்கின்றன என்று பட்டியல் போட்டார். எழுத்துக்கு எழுத்து வாசிக்கும் கருவிகள் வருவதற்கு முன்பு இது கிட்டத்தட்டக் கிழிந்த ஓலைத் துணுக்குகளை வைத்து இரண்டு சுவடிகள் ஒரே மூலத்தின் படிகளா என்று பார்க்கிற வேலை.

சக பேராசிரியர் ரால்ஃப் உல்ஃப் தந்த மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களில் பட்டியல் பொருந்தவில்லை. பாக்டீரியாவில் இருக்க வேண்டிய துண்டுகள் இல்லை. யூகேரியோட்டுகளின் துண்டுகளும் இல்லை. 1977இல் ஊஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் எழுதினார்கள்: இது மூன்றாவது குலம். பின்னாளில் இவற்றுக்கு ஆர்க்கியா என்று பெயர் வந்தது. நவம்பர் 3 அன்று நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தில் செய்தி வந்தது. அறிவியல் உலகம் கைதட்டவில்லை. நோபல் பெற்ற லூரியா உல்ஃபைத் தொலைபேசியில் அழைத்து, இந்த அபத்தத்திலிருந்து விலகிக்கொள் என்ற பொருளில் கடிந்துகொண்டதை உல்ஃபே பின்னாளில் பதிவுசெய்திருக்கிறார்.

இடது நிரல் எல்ஸ் கூடைதான் என்பதற்கான முதல் சான்று இது. கூடைக்குள் இரண்டு குலங்கள் இருந்திருக்கின்றன. பாக்டீரியாவின் செல் சுவரில் உள்ள பெப்டிடோகிளைக்கான் ஆர்க்கியாவிடம் கிடையாது. சவ்வின் கொழுப்பு மூலக்கூறுகள் வேறு வகையில் பிணைக்கப்பட்டவை. டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. எடுக்கும் நொதியோ பாக்டீரியாவைவிட நம்முடையதைத்தான் ஒத்திருக்கிறது. இத்தனை வேறுபாடும் அங்கேயே இருந்தது. 'இல்லை' என்று எழுதி முடித்துவிட்டதால் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆளில்லை.

1998இல் எர்ன்ஸ்ட் மையர் எதிர்வாதம் வைத்தார். மூலக்கூறு என்ன சொன்னாலும், ஆர்க்கியாவும் பாக்டீரியாவும் பார்வைக்கும் அமைப்புக்கும் ஒன்றுபோல இருக்கும்போது அவை ஒரே பேரரசின் குடிகள்தான் என்றார். ஊஸ் உயிரியலாளராகப் பயின்றவர் அல்லர் என்பதையும் சுட்டினார். குவாமென் இந்தச் சண்டையை அருமையாக எழுதுகிறார். மனிதர்களை எழுதுவதில் அவர் கெட்டிக்காரர். ஊஸின் தனிமை, கசப்பு, டார்வின் மீதே அவருக்கு இருந்த பொறாமை எல்லாம் கண்முன் வந்து நிற்கின்றன. என் குறை என்னவென்றால், அந்தச் சண்டையின் நடுவே செல் தொலைந்துபோகிறது. யார் வென்றார் என்று தெரிகிறது. ஒரு செல்லைக் கையில் கொடுத்தால் எதைப் பார்த்து இது இன்னது என்று சொல்வது என்பது தெரிவதில்லை. அக்கா மகளின் கேள்வி அப்படியே நிற்கிறது.

*

சரி, அட்டவணையை வரி வரியாகச் சோதித்துப் பார்ப்போம். மென்பொருளில் இதற்கு விளிம்பு நிலைச் சோதனை என்று பெயர். விதி எங்கே உடையுமோ அந்த உள்ளீட்டைக் கொடுத்துப் பார்ப்பது.

அளவு. செங்கடலில் ஒரு மீனின் குடலில் அரை மில்லிமீட்டருக்கும் மேல் நீளமான ஒரு செல்லை 1985இல் விவரித்தார்கள். இவ்வளவு பெரியது பாக்டீரியாவாக இருக்க வாய்ப்பில்லை என்று அதை யூகேரியோட் பக்கம் வைத்தார்கள். 1993இல் அதன் 16 எஸ் ஆர்.என்.ஏ.வை வாசித்தபோது அது பாக்டீரியா. 2022இல் குவாதலூப் தீவின் சதுப்புக் காட்டிலிருந்து இன்னொன்று வந்தது. ஒரே செல், சராசரியாக ஒரு சென்டிமீட்டர் நீளம், வெறுங்கண்ணால் பார்க்கலாம். அதுவும் பாக்டீரியா. அதன் டி.என்.ஏ. சவ்வு சூழ்ந்த சிறு பைகளுக்குள் கிடக்கிறது. மறுபக்கம், பிரான்சின் கடற்கழியில் கிடைத்த ஆஸ்ட்ரியோகாக்கஸ் என்ற பாசி முழு யூகேரியோட். அதன் அளவு ஒரு மைக்ரோமீட்டர்கூட இல்லை. நம் குடலில் வாழும் ஈ கோலை அதைவிடப் பெரியது.

செல் சட்டகம் இல்லை. 1990களிலும் 2001இலும் வந்த ஆய்வுகளுக்குப் பிறகு இந்த வரியை அடித்துவிட வேண்டியதுதான். நம் செல்களின் டியூபுலினுக்கும் ஆக்டினுக்கும் உறவான புரதங்கள் பாக்டீரியாவில் இருக்கின்றன. செல்லைப் பிரிப்பதும் அதற்கு வடிவம் கொடுப்பதும் அவைதாம்.

மைட்டோகாண்ட்ரியா உண்டு. 2016இல் ஒரு சின்சில்லாவின் குடலிலிருந்து எடுத்த மோனோசெர்கோமோனாய்டஸ் என்ற ஒற்றைச் செல் உயிரியில் மைட்டோகாண்ட்ரியாவின் சுவடே இல்லை. ஆனால் யூகேரியோட்.

உட்கரு உண்டு. உங்கள் விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுங்கள். சிவப்பணுக்களில் உட்கருவும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. அட்டவணையைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால் நம் உடம்பில் எண்ணிக்கையில் அதிகமான செல் புரோகேரியோட் ஆகிவிடும்.

இத்தனை உடைசல்களைப் பார்த்தபின் கோட்டையே அழித்துவிடலாம் என்று தோன்றும். நார்மன் பேஸ் 2006இல் 'நேச்சர்' இதழில் கிட்டத்தட்ட அதைத்தான் கேட்டார். புரோகேரியோட் என்ற சொல்லைக் கைவிடுங்கள், எது அல்ல என்பதை மட்டும் வைத்து யாரும் எதையும் வரையறுக்க முடியாது என்றார். படித்தபோது நானும் தலையாட்டினேன். ஆனால் அதே ஆண்டு மார்ட்டினும் கூனினும் எழுதிய பதில் எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. இல்லாததை விடுங்கள், இருப்பதை வைத்தே வரையறுக்கலாம் என்றார்கள். அவர்கள் காட்டியது ஒரு உறுப்பை அல்ல, ஒரு வேலைமுறையை.

தமிழில் இதைச் சொல்வது சுலபம். ஏனென்றால் நம் பாடநூல்களில் இந்த வேலைகளின் பெயரே படியெடுத்தல், மொழிபெயர்த்தல். டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. ஒரு படி. ரைபோசோம் அந்தப் படியைப் புரதமாக மொழிபெயர்க்கிறது. பாக்டீரியாவிலும் ஆர்க்கியாவிலும் படி எழுதி முடிவதற்குள் மொழிபெயர்ப்பாளர் வந்து உட்கார்ந்துவிடுகிறார். ஒரு முனையில் எழுத்து நடக்கும்போதே மறுமுனையில் மொழிபெயர்ப்பு ஓடுகிறது. நம் செல்லில் அது முடியாது. படியெடுப்பு உட்கருவுக்குள், மொழிபெயர்ப்பு வெளியே, நடுவில் சவ்வு. இடைப்பட்ட நேரத்தில் படி திருத்தப்படுகிறது. தேவையில்லாத பத்திகள் வெட்டப்பட்டு மீதி ஒட்டப்படுகின்றன. வெட்டும் இடத்தை மாற்றினால் ஒரே மரபணுவிலிருந்து வேறு வேறு புரதங்கள் கிடைக்கும்.

ஆக உட்கரு என்பது ஒரு பொருள் அல்ல, ஓர் இடைவேளை. அது இருந்தால் திருத்தம் சாத்தியம். இல்லாவிட்டால் வேகம் சாத்தியம். ஈ கோலை சாதகமான சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகிறது. இதில் எது உயர்ந்தது என்ற கேள்விக்கே இடமில்லை. இடது நிரலில் முதன்முறையாக 'உண்டு' என்று ஒரு வரி எழுத முடிகிறது. அக்கா மகளிடம் போனில் இதைத்தான் சொன்னேன். "இதை எழுதுனா மார்க் போடுவாங்களா?" என்றாள். "அஞ்சாவது பாயிண்டா எழுது, மத்த நாலையும் அப்படியே எழுது" என்றேன். வேறு என்ன சொல்ல?

சிவப்பணுவின் சிக்கலும் இப்போது தீர்கிறது. உட்கரு உள்ள ஒரு தாய்ச் செல் தன் கருவை வெளியே தள்ளியதால் வந்தது அது. இன்று என்ன இருக்கிறது என்பதைவிட எங்கிருந்து வந்தது என்பதே அடையாளம்.

ஆனால் வந்த வழியைத் தேடிப் போனால் கோடு மறுபடி ஆட்டம் காண்கிறது. 2015இல் ஆர்க்டிக் கடலடிச் சேற்றிலிருந்து கிடைத்த மரபணுக்களில், யூகேரியோட்டுகளுக்கு மட்டுமே சொந்தம் என்று நினைத்திருந்த பல புரதங்களுக்கான குறிப்புகள் ஓர் ஆர்க்கியாவிடம் இருந்தன. குவாமெனின் நூல் வந்து இரண்டு ஆண்டு கழித்து, 2020இல், ஜப்பானியர்கள் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஒன்றை வளர்த்தே காட்டினார்கள். 2,533 மீட்டர் ஆழத்துச் சேறு, 12 ஆண்டு உழைப்பு. அது இரட்டிக்கவே இரண்டு மூன்று வாரம் எடுக்கும். உடலிலிருந்து நீண்ட கைகள் போல இழைகள். இப்படிப்பட்ட ஏதோ ஓர் ஆர்க்கியா ஒரு பாக்டீரியாவோடு சேர்ந்து வாழ்ந்ததிலிருந்துதான் நாம் வந்தோம் என்று இன்று பலர் கருதுகிறார்கள். அப்படியானால் வலது நிரல் என்பது இடது நிரலின் இரண்டு வரிகள் சேர்ந்து எழுதியது.

*

இதெல்லாம் வகைப்பாட்டுப் பேராசிரியர்களின் வம்பு, நமக்கென்ன என்று கேட்கலாம். எனக்கு இதில் ஒரு சொந்தக் கணக்கு உண்டு.

1980களில், நான் பிறப்பதற்கு முன், அப்பாவுக்குக் காசநோய் வந்தது. இரண்டு மாதம் தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. நோய் போய்விட்டது. ஊசி போட்ட காலத்திலேயே தலைசுற்றலும் நடையில் தள்ளாட்டமும் வந்தன, அதன் பிறகு காதில் இரைச்சல், அப்புறம் மந்தம். 'ஊசி காதுல இறங்கிடுச்சு' என்பார் அப்பத்தா. குடும்பத்தில் அதுவே விளக்கம்.

ஸ்ட்ரெப்டோமைசின் வேலை செய்வதே அட்டவணையின் கடைசி வரியை நம்பித்தான். பாக்டீரியாவின் 70 எஸ் ரைபோசோமின் சிறு பகுதியில், அதே 16 எஸ் ஆர்.என்.ஏ.வில், போய் ஒட்டி மொழிபெயர்ப்பைக் கெடுக்கிறது. நம்முடையது 80 எஸ், அதில் அப்படி ஒட்டுவதில்லை. ஆகவே கிருமி சாகிறது, நாம் பிழைக்கிறோம். பூஞ்சைத் தொற்றுக்கு மருந்து கண்டுபிடிப்பது ஏன் இத்தனை கடினம் என்பதற்கும் இதுவே பதில். பூஞ்சை நம் நிரலில் இருக்கிறது. அதைக் கொல்லும் பலவும் நம்மையும் தீண்டும்.

ஆனால் மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் பாக்டீரியா. லின் மார்குலிஸ் 1967இல் பல இதழ்கள் திருப்பி அனுப்பிய பிறகு அச்சில் ஏற்றிய வாதம், இன்று பாடநூல். அதற்குள் அதற்கே சொந்தமான ரைபோசோம்கள் இருக்கின்றன. பாக்டீரியா வழி வந்தவை. 16 எஸ்ஸுக்கு இணையாக அங்கே 12 எஸ். 1993இல் ஒரு விஷயம் தெரியவந்தது. சில குடும்பங்களில் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வின் 1555ஆவது இடத்தில் 'ஏ' என்ற எழுத்துக்குப் பதிலாக 'ஜி' இருக்கிறது. அந்த ஓர் எழுத்து மாறினால் 12 எஸ்ஸின் அந்த வளைவு பாக்டீரியாவின் 16 எஸ்ஸை இன்னும் கொஞ்சம் ஒத்துப்போகிறது. மருந்து அங்கேயும் போய் ஒட்டுகிறது. அப்படிப்பட்டவர்களுக்குச் சிறிய அளவு ஊசியே காதைப் பறித்துவிடலாம். அந்த மாற்றம் இல்லாதவர்களுக்கும் நீண்ட நாள் ஊசியால் காது கெடுவது உண்டு, அதற்கு வேறு வழிகளும் இருக்கின்றன. அப்பாவுக்கு எது நடந்தது என்று யாரும் பரிசோதிக்கவில்லை. இந்த மாற்றம் தாய்வழி மட்டுமே வருவது. இருந்திருந்தால் அப்பத்தாவிடமிருந்து வந்திருக்கும், என்னோடு ஒட்டாது.

உயிர் மரத்தை வரைய ஊஸ் பிடித்துக்கொண்ட மூலக்கூறும், மருந்து குறிவைக்கும் மூலக்கூறும், குறி தவறும்போது காதில் அடிபடும் மூலக்கூறும் ஒரே குடும்பம். குவாமெனின் நூலில் எனக்கு இருக்கும் பெரிய குறை இங்கேதான். மரம் சிக்கலாகிவிட்டது, கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன, மரபணுக்கள் குறுக்கே பாய்கின்றன என்று அவர் காட்டும்போது வியப்பு வருகிறது. கூடவே, எல்லாம் கலந்ததுதானே, கோடுகளுக்கு என்ன மதிப்பு என்ற சோர்வும் வருகிறது. கோட்டுக்கு மதிப்பு உண்டு. அந்தக் கோடு இல்லையென்றால் அப்பா 1980களிலேயே போயிருப்பார். அந்தக் கோடு முழுதாக நேராக ஓடாததால் அவருக்குக் காது போயிற்று. இரண்டையும் சேர்த்துச் சொல்கிற புத்தகமும் அட்டவணையும் எனக்கு வேண்டும்.

பாடநூல்களில் ரைபோசோம் வரியின் ஓரத்தில் சில சமயம் ஒரு குறிப்பு இருக்கும்: மைட்டோகாண்ட்ரியாவிலும் பசுங்கணிகத்திலும் 70 எஸ். நாங்கள் படித்தபோது அது கேள்வித்தாளில் வராது என்று தாண்டிப் போனோம். அட்டவணையிலேயே முக்கியமான வரி அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

கடந்த முறை ஊருக்குப் போனபோது அப்பாவிடம் இதைச் சொல்ல முயன்றேன். டிவியை அணைத்துவிட்டு, அவருடைய வலது காதுப் பக்கம் உட்கார்ந்து, கொஞ்சம் சத்தமாக. பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப எனக்குள்ள இருக்கறதும் கிருமிதானாடா?"

"ஒரு காலத்துலப்பா."

"அதான் ஊசிக்கு வித்தியாசம் தெரியல" என்றார். எழுந்து போய் டிவியைப் போட்டுக்கொண்டார்.